ஸ்ரீரங்கம்: ஐம்பது நிமிடம்

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதக் காலையில், ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நின்றுகொண்டு முப்பத்தெட்டுப் பேரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். "பெருமாள் சன்னதி சாத்திட்டாங்க. இனிமே சாயங்காலம்தான்" என்றேன். சன்னதி திறந்துதான் இருந்தது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும்.

நான் சிங்கப்பூரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன். ஆண்டுக் கடைசி விடுமுறையில் எங்கள் வட்டாரத்துத் தமிழர்களைத் திரட்டி இந்தியாவுக்கு அழைத்துப்போவேன். அது என் தொழில் அல்ல, என் பெருமை. ஒவ்வொருவர் கையிலும் நான் தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கும். 'சாரோட பேப்பர்' என்பார்கள். இடத்தின் பெயர், இறங்கும் நேரம், ஏறும் நேரம். மலைக்கோட்டை நாற்பது நிமிடம். ஸ்ரீரங்கம் ஐம்பது நிமிடம். தஞ்சைப் பெரிய கோயில் ஒரு மணி நேரம். நேரம் முடிந்ததும் விசில் ஊதுவேன். பள்ளிக்கூடத்து விசில்தான்.

அந்த நிமிடங்களை எப்படி முடிவு செய்தேன் என்று இப்போது சொல்லிவிடலாம். மதியச் சாப்பாடு எந்த ஊரில் என்று முதலில் குறிப்பேன். இரவு தங்குமிடத்தைக் குறிப்பேன். பேருந்து ஓடும் நேரத்தைக் கழிப்பேன். மிச்சமிருப்பதைக் கடவுள்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன். எந்தக் கோயிலிலும் நானே வரிசையில் நின்று நேரம் பார்த்தது கிடையாது.

அன்று திருச்சியை விட்டுக் கிளம்பும்போதே பேருந்தின் டயர் பஞ்சர். அரை மணி நேரம் போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்றது. இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார் ஒருவர். தஞ்சாவூரில் சாப்பாடு சொல்லி வைத்திருந்தேன். 'பரவாயில்லை, போகலாம்' என்று பாதிப் பேர் சொல்வார்கள், 'நின்று பார்த்துவிட்டே வருகிறோம்' என்று மீதிப் பேர் சொல்வார்கள், வாக்குவாதம் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். ஒரு பொய் எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டது.

என் மனைவி சரோஜா பக்கத்தில் நின்றாள். "ஏங்க, ஆளுங்க உள்ள போய்க்கிட்டுத்தானே இருக்காங்க?" என்றாள் மெதுவாக. நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது.

எல்லோரும் கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டிவிட்டு வளையல் கடைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் சன்னதி இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றார். அவர் பெயர் அலமேலு. எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருந்தவர். கணவரை இழந்து அப்போது ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. நான் விசிலை ஊதினேன். அவர் திரும்பி வந்து பேருந்தில் ஏறினார்.

தஞ்சாவூர்ச் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ரசம் நன்றாக இருந்தது. அது நினைவிருக்கிறது.

சரோஜா போன ஆண்டு இறந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் அலமேலு அம்மாவும் ஒருவர். மற்றவர்கள் போன பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்களாவது கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களே சார். எனக்கு அந்தக் குடுப்பின இல்ல."

அவருடைய கணவர் கோவிந்தசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று நாள் கண்விழித்த இவர் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனார். கட்டிலில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். அந்த நேரத்தில் அங்கே கணவர் போய்விட்டார். இது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அலமேலு அம்மா அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது.

"அதனாலதான் சார் பெருமாள் எனக்கு மொகம் காட்டல. அவரு கும்புட்ட சாமிய அவருக்காகப் பாத்துட்டு வரலாம்னு போனேன். அவ்வளவு தூரம் போயி, வாசல்ல நிக்கறப்ப கதவச் சாத்திட்டாரு. புருசன் சாகறப்பத் தூங்கினவளுக்கு என்னத்துக்குத் தரிசனம்னு நெனச்சிருப்பாரு."

ஊர் திரும்பியதும், கோவிந்தசாமி தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட ரங்கநாதர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அவருடைய வேட்டி ஒன்றில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாராம். "எந்த மொகத்த வெச்சிக்கிட்டுக் கும்புடறது?" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கடைசியில் அவருடைய வீட்டுக்குப் போய், "சரோஜா ஞாபகமா ஸ்ரீரங்கம் போறேன். தனியாப் போக யோசனையா இருக்கு, நீங்களும் வாங்க" என்றேன். இதிலும் பாதி பொய். அவர் முதலில் மறுத்தார். "சாத்தின கதவுக்கு முன்னால மறுபடி போயி நிக்கச் சொல்றீங்களா?" என்றார். அவருடைய மகள் சுமதிதான் பேசி இணங்கவைத்தாள். சுமதி என்னிடம் கணக்குப் படித்தவள். வங்கியில் வேலை. அம்மாவைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவளும் கிளம்பினாள். தை பிறந்து சில நாளில் மூவரும் திருச்சியில் இறங்கினோம்.

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. விடுதியில் பைகளை வைத்துவிட்டு மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம். சிங்கப்பூரில் தேங்காய்ச் சட்னி கேட்டால் ஒரு சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். இங்கே வாளியோடு வந்து இலை முழுக்க ஊற்றிவிட்டுப் போனார் பரிமாறுபவர். "போதும், போதும்" என்று சுமதி கையை நீட்டித் தடுத்தாள். "சட்னி இல்லாம தோசை எப்படிம்மா எறங்கும்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஊற்றினார்.

சுமதி கைப்பேசியை எடுத்தாள். "சார், நாளைக்கு எத்தன மணிக்கு எங்கன்னு சொல்லுங்க. நான் போட்டு வெச்சிக்கிறேன்."

"சார்கிட்ட கேக்கவே வேணாம். நிமிசக் கணக்காக் குடுப்பாரு" என்றார் அலமேலு அம்மா. கேலி இல்லை. மெச்சித்தான் சொன்னார்.

"இந்தத் தடவை பேப்பர் இல்ல" என்றேன். "நாலு நாள் இருக்கு. ஸ்ரீரங்கம் மட்டும்தான்."

சுமதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை அலமேலு அம்மா காபி மட்டும் குடித்தார். பெருமாளைப் பார்க்கும்வரை வேறு எதுவும் வேண்டாம் என்றார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரை வியாதியும் உண்டு. சுமதி பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பையில் போட்டார்.

விடுதி வாசலில் நின்ற ஆட்டோக்காரர் காதர் பாய். அறுபதை நெருங்கியவர், தாடி பாதி நரைத்திருந்தது. பதினைந்து வருடம் சவூதியின் தம்மாமில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர் என்பதைக் கண்டோன்மெண்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார். வீடு பாலக்கரையில். மகள் கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம்.

"கோயில்ல எவ்வளவு நேரம் ஆவும் சார்?"

"தெரியாது பாய்."

"அப்படிச் சொல்லுங்க. வெளியூர்க்காரங்க எல்லாம் ஏறும்போதே ஒன் அவர், டூ அவர்ங்கறாங்க. அது கோயிலா, தியேட்டரா?" அவர் சிரித்தார். பின்னால் அலமேலு அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

சத்திரம் பேருந்து நிலையம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறிப் பாதி வழியில் வண்டி முனகிவிட்டு நின்றது. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. பாய் இறங்கிப் பார்த்தார், தலையில் கைவைத்தார். பிறகு அரியமங்கலத்தில் இருந்த தன் மெக்கானிக்குப் போன் செய்தார். "கேபிள் எடுத்துக்கிட்டு வண்டிய அழுத்து மாப்ள. பெரியவங்கள வெயில்ல நிக்க வெச்சிருக்கேன்."

ஆற்றில் பாதி அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. பின்னால் மலைக்கோட்டை, முன்னால் தென்னைகளுக்கு மேல் ராஜகோபுரம். பேருந்துகள் எங்களை உரசிக்கொண்டு போயின. வேறு ஆட்டோ பிடிக்கலாம் என்று சுமதி கையைக் காட்டினாள். வந்ததெல்லாம் ஆட்கள் நிறைந்த வண்டிகள். "வந்துருவான்மா, வந்துருவான்மா" என்றார் பாய். மெக்கானிக் வந்து, கேபிளை மாற்றி, நாங்கள் கிளம்பியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பழைய நாட்களில் என்றால் நான் அங்கேயே யாரையாவது கடித்துக் குதறியிருப்பேன். இப்போது அவசரமில்லை என்றே நினைத்தேன். அந்த ஒரு மணி நேரம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று தெரியவில்லை.

ரங்கவாசல் கோபுரத்துக்கு முன்னே, கடைகள் இருக்கும் பகுதியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வரிசை நீளம்தான், ஆனால் நகர்ந்தது. அலமேலு அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார். கையில் துளசி மாலை. உதடுகள் அசைந்தன. சன்னதிக்கு இன்னும் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அப்போது கோயில் ஊழியர் ஒருவர் வந்து குறுக்கே கம்பியைப் போட்டார்.

"பூஜை நேரம். எல்லாரும் அப்படியே உக்காருங்க. முடிஞ்சதும் விடுவோம்."

அலமேலு அம்மா அந்தக் கம்பியைப் பார்த்தார். சுமதியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? பாத்தியா?" என்றார்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மாமி திரும்பினார். உத்தர வீதியில் குடியிருக்கிறவராம். வாரத்தில் நான்கு நாள் வருகிறவர். "பெருமாள் அமுது செய்யற நேரம். தளிகை சமர்ப்பிச்சிண்டிருக்கா. ஆனதும் திரையை எடுத்துடுவா. சித்த உக்காந்துக்கோங்கோ" என்றார்.

"இல்லீங்க. எனக்கு மட்டும் இப்படித்தான் ஆவும். போன தடவையும் இதே மாதிரி சாத்திட்டாரு."

"உங்களுக்கு மட்டுமா? பின்னாடி திரும்பிப் பாருங்கோ, எத்தனை பேர் நிக்கறான்னு. அத்தனை பேர் மேலயுமா அவருக்குக் கோபம்? நான் வர நாள்ல பாதி நாள் அவர் சாப்பிட்டுண்டுதான் இருக்கார். என்ன பண்றது, அவருக்கும் பசிக்குமோன்னோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அலமேலு அம்மா சிரிக்கவில்லை. துளசி மாலையை அந்த மாமியின் கையில் கொடுத்தார். "நீங்க போடுங்க. நீங்க போட்டா வாங்கிப்பாரு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார். சுமதி பின்னால் ஓடினாள். நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். மாமி மாலையோடு எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கவாசலுக்கு வெளியே, ஒரு பாத்திரக்கடையின் படியில் அலமேலு அம்மா உட்கார்ந்துவிட்டார். "விமானத்த மாத்து. நாளைக்கே போயிருவோம்" என்றார். சுமதி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் பாய்க்குப் போன் செய்தாள். அவர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே வந்தார். நடந்ததைச் சுமதி சொன்னதும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. அலமேலு அம்மாவுக்கு முன்னால் வந்து குனிந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எம் மேலதான் தப்பு. கேபிளு பிஞ்சிருக்குன்னு முந்தா நாளே மெக்கானிக் சொன்னான். இன்னிக்கு ஓடட்டும்னு விட்டேன். இல்லன்னா இந்நேரம் நீங்க சாமி பாத்துட்டு வெளிய வந்திருப்பீங்க. இது நான் செஞ்சதும்மா, உங்க சாமி செஞ்சது இல்ல."

எவ்வளவு எளிதாக அவரால் சொல்ல முடிந்தது. வண்டி நின்று மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, வந்து நின்று சொல்லிவிட்டார். நான் பதினொரு ஆண்டு எடுத்துக்கொண்டவன். எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, 'செஞ்சத ஒத்துக்கிட்டா அடிக்க மாட்டேன்' என்று சொன்னவன்.

நான் அலமேலு அம்மாவுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

"அலமேலு அம்மா, போன தடவ நடை சாத்தல. தொறந்துதான் இருந்துச்சு. நேரமாயிடும்னு நான்தான் பொய் சொன்னேன்."

கடைக்காரர் ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

அலமேலு அம்மா என் பக்கம் குனிந்தார். "தொறந்தா இருந்துச்சு?"

"ஆமா."

"ஆளுங்க உள்ள போனாங்களா?"

"போய்க்கிட்டு இருந்தாங்க."

"ஒங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ கேட்டா. நான் பேச விடல."

சுமதிதான் முதலில் வெடித்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "சார், ஒரு பூஜ்யம் விட்டாக்கூட சிவப்பு மையில வட்டம் போடுவீங்க. அம்மா அந்தப் படத்த உள்ள வெச்சப்ப நான்தான் ஸ்டூலப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். ஒரு விளக்கு ஏத்தல எங்க வீட்டுல. தீபாவளிக்குக்கூட. காரியத்தன்னிக்கு அம்மா உங்ககிட்ட அவ்வளவு சொல்லியிருக்காங்க. அப்பவாவது..."

அலமேலு அம்மா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவரு போறப்ப நான் தூங்கினது நெசம் சார். அத யாரும் மாத்த முடியாது. அதையும் இந்தக் கதவையும் சேத்து முடிச்சுப் போட்டது நான்தான். ஆனா கயிறு குடுத்தது நீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பதினோரு வருசம். ஒங்க பேப்பர்ல அதுக்கு எத்தன நிமிசம் போடுவீங்க?"

அலமேலு அம்மா எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வா" என்று சுமதியிடம் சொன்னார். நானும் எழுந்தேன்.

"நீங்க வராதீங்க சார்."

அவர்கள் இருவரும் மறுபடியும் ரங்கவாசலுக்குள் போனார்கள். இந்த முறை அவர் முதுகுகளைப் பார்த்து நடக்கவில்லை. தலை நிமிர்ந்திருந்தது.

பாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாத்திரக்கடைக்காரர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பாய் எழுந்துபோய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

"நான் தம்மாம்ல இருக்கையில மக்காவுக்கு உம்ரா போனேன் சார். பஸ்ஸுல நாப்பது பேரு. எங்க தலைவரும் கையில ஒரு பேப்பரு வெச்சிருந்தாரு. ஹரம்ல எங்க அத்தாவுக்காக துஆ கேட்டுக்கிட்டு நிக்கறேன், பின்னாலேருந்து சட்டையப் புடிச்சி இழுக்கறாரு, 'காதரு, பஸ்ஸு போயிரும்'னு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஆளு மேல எனக்குக் கோவம்தான்." டீயை ஊதிக் குடித்தார். "அவரு வந்து என்கிட்ட சொன்னா என்ன செய்வேன்னு இப்ப யோசிச்சுப் பாத்தேன்."

"என்ன செய்வீங்க?"

"தெரியல சார். டீ வாங்கித் தருவேன்னு நெனைக்கிறேன். பேச மாட்டேன்."

அவர்கள் வரும்வரை நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

அலமேலு அம்மா வெளியே வந்தபோது நெற்றியில் திருமண் இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு தொன்னையில் அக்காரவடிசல். அதில் பாதியைப் பாய்க்குக் கொடுத்தார். பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மீதியைச் சுமதியும் அவருமாகச் சாப்பிட்டார்கள். எனக்கும் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் என் கண் அந்தத் தொன்னையின் மேலேயே இருந்தது.

"அந்த மாமி அங்கயே ஒக்காந்திருந்தாங்க" என்று அம்மா பாயிடம் சொன்னார். "மாலையப் போடாம வெச்சிருந்தாங்க. 'திரும்பி வருவேள்னு தெரியும்'னு சொல்லிக் கையில குடுத்தாங்க."

மூன்றாம் நாளும் அவர்கள் இருவரும் பாயின் வண்டியில் கோயிலுக்குப் போனார்கள். தாயார் சன்னதியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதாகப் பாய்தான் எனக்குச் சொன்னார். நான் விடுதியில் இருந்தேன். பிறகு இருக்க முடியாமல் மலைக்கோட்டைக்குப் போனேன்.

பல ஆண்டுகள் பலரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். நாற்பது நிமிடம் என்று தாளில் எழுதியதும் நான்தான். ஒருமுறையும் மேலே ஏறியதில்லை. கீழே நுழைவாயிலில் விசிலோடு நின்று எண்ணுவேன். இப்போது ஏறினேன். எண்பது வயதை நெருங்கும் கால்கள். முப்பது படிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்த ஒருவர், "மெதுவாப் போங்கய்யா, பிள்ளையார் எங்கயும் போயிர மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். தாயுமானவர் சன்னதிக்குப் போவதற்குள்ளேயே நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது. நான் அழைத்து வந்தவர்களில் எத்தனை பேர் பாதியிலிருந்து திரும்பி ஓடி வந்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் என்னிடம் சொன்னதில்லை.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. பொன்மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணவர் எழுந்து கையைத் தட்டினார். "பத்து நிமிசம்தான். போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்கங்க. எனக்கு ரெண்டு மணி ஷிப்டு இருக்கு."

"மூச்சு வாங்கவே பத்து நிமிசம் ஆவும். உங்களுக்கு ஷிப்டு இருந்தா நீங்க எறங்குங்க" என்றார் மனைவி. மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. அலமேலு அம்மாவும் சுமதியும் அங்கே எங்கோ இருந்தார்கள். நான் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் கிளம்பினோம். பாய் பைகளை ஏற்றி இறக்கினார். அலமேலு அம்மாவிடம், "அடுத்த தடவ வாங்கம்மா, புது கேபிளோட வரேன்" என்றார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். விமானத்தில் எங்கள் மூவருக்கும் ஒரே வரிசை. நடுவில் சுமதி. நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தோம். அலமேலு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்கப்பூரில் இறங்கியதும் சுமதி மட்டும், "பத்திரமாப் போங்க சார்" என்றாள்.

அதற்குப் பிறகு, அந்தப் பயணத்தில் வந்த மற்றவர்களையும் தேடினேன். சிலர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களில் எண் கிடைத்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். சிலருக்கு அந்தக் கோயிலே நினைவில்லை. ஒருவர், "அட விடுங்க சார், நாங்க சந்தோசமா ஷாப்பிங்தானே போனோம்" என்று சிரித்தார். ஒருவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அங்க அப்பாவோட வந்தேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவருடைய அப்பா இப்போது இல்லை. மறுபடி கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சுமதி ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் வீட்டு வரவேற்பறைச் சுவர். கோவிந்தசாமியின் படத்துக்குப் பக்கத்தில், பள்ளிகொண்ட ரங்கநாதர் சட்டத்துக்குள் படுத்திருந்தார். பதினொரு ஆண்டு வேட்டிக்குள் இருந்ததில் கண்ணாடியின் ஒரு மூலை மங்கியிருந்தது. கீழே ஒரு விளக்கு எரிந்தது. 'அம்மா நேத்து மாட்டினாங்க' என்று எழுதியிருந்தாள்.

வந்து பார்க்கலாமா, அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. 'கேட்டேன் சார். அதுக்கு அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா ஸ்ரீரங்கத்துல தாயார் சன்னதியில உங்க சரோஜா ஆன்ட்டி பேரச் சொல்லி வேண்டிக்கிட்டாங்களாம். அத மட்டும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.'

என் பெயரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.